மணமுறிவும் வதிவிட உரிமையும்: ரொறன்ரோத் தமிழ்ப் பெண்கள்

‘ஸ்பொன்சர்’ முறையில் கணவரால் கனடாவுக்கு அழைக்கப்பட்ட பெண், மணவாழ்வு முறியும்போது நாடுகடத்தப்படலாம் என அஞ்சுவதுண்டு. இவ்வச்சத்திற்கு ஒருகால் அடிப்படை இருந்தது. 2012 ஒக்டோபர் முதல், உறவு தொடங்கி ஈராண்டுக்குள் விண்ணப்பித்த, பிள்ளைகளற்ற இணையர் ஈராண்டு சேர்ந்து வாழ்ந்தால் மட்டுமே அழைக்கப்பட்டவரின் நிரந்தர வதிவிட உரிமை நிலைத்தது. வன்முறைக்கு ஆளானோருக்கு விலக்களிக்கப்பட்டது. அதனை மெய்ப்பிக்கும் பொறுப்பு அவர்களையே சார்ந்திருந்தது. 2017 ஏப்ரலில் இந்நிபந்தனை நீக்கப்பட்டது. உண்மையான மணவுறவின் வழி அவ்வுரிமையைப் பெற்றவர், மணமுறிவால் மட்டும் அதனை இழப்பதில்லை. அவரைப் பராமரிப்பதாகக் கணவர் அரசுக்கு அளித்த மூன்றாண்டு உறுதிமொழியும் பிரிவினால் முடிவுறுவதில்லை.

மணமுறிவுக்கு ஓராண்டுப் பிரிவு போதிய காரணமாகும். ஒரே கூரையின்கீழ்த் தனித்து வாழ்வதும் பிரிவாகக் கொள்ளப்படலாம். வாடகை மிகுந்த ரொறன்ரோவில் இவ்விதி உடனே வேறு வீடு தேட இயலாதார்க்குத் துணையாகிறது. பிள்ளைகள் தொடர்பில், 2021 மார்ச்சு முதல் மணமுறிவுச் சட்டம் ‘காவல்’ என்னும் கருத்தைக் கைவிட்டு, முடிவெடுக்கும் பொறுப்பு, பெற்றோர் செலவிடும் நேரம் எனப் பேசுகிறது.

நம் வழக்கிலோ ‘வாழாவெட்டி’ என்னும் சொல் இன்னும் நீங்கவில்லை. அச்சொல்லுக்கும் காலாவதியான நிபந்தனைக்கும் அஞ்சி, வன்முறையைப் பொறுத்திருக்கும் பெண்ணுக்கு இவ்விதிகளை எளிய தமிழில் எட்டச்செய்வது புலம்பெயர் தமிழியலின் கடனாகும்.