‘தானாக ஓடும்’ வண்டியில் யார் ஏற முடியும்?

மேட்டில் நிறுத்தி வைத்த வண்டியொன்று தடை நெகிழ்ந்து கீழே உருண்டு சென்றால், அதனைக் கண்டவர் என்ன சொல்வார்? “வண்டி தானாக ஓடியது” என்பார். தமிழில் ‘தானாக’ என்னும் சொல் பெரும்பாலும் எவருடைய எண்ணமும் கட்டுப்பாடும் இன்றி நிகழ்ந்த ஒன்றையே சுட்டுகிறது. கதவு தானாகத் திறந்துகொண்டது, பாத்திரம் தானாக விழுந்தது, காய்ச்சல் தானாகத் தணிந்தது என்னும் வாக்கியங்கள் எல்லாவற்றிலும் இப்பொருளே உள்ளது. இம்மொழியிலேயே வாழ்ந்து பழகிய ஒரு மூதாட்டியிடம், “நம் பேட்டைக்குத் தானாக ஓடும் பேருந்து வரப்போகிறது” என்று சொன்னால் அவர் அஞ்சுவதில் வியப்பில்லை. முதியோர் புதுமையை ஏற்கமாட்டார் என்று முடிவு கட்டுவதற்கு முன், நாம் அவரிடம் என்ன சொன்னோம் என்பதை எண்ணிப் பார்த்தல் நலம்.

நாம் பொறியியல் கற்றவர் அல்லோம். சொற்களோடு நாற்பது ஆண்டுகள் பழகியவர். ஆயினும் ஓட்டுநரில்லா வாகனங்களைப் பொதுமக்கள் ஏற்பார்களா, உடற்குறையுள்ளோரும் முதியோரும் அவற்றை எளிதாகப் பயன்படுத்த இயலுமா என்னும் இரு வினாக்களிலும் மொழிக்குப் பெரும்பங்கு உண்டு எனக் கருதுகிறோம்.

முதலில் பெயர். இவ்வாகனங்களைக் குறிக்க மூன்று சொற்கள் இன்று புழங்குகின்றன: ஓட்டுநரில்லா வாகனம், தானியங்கி வாகனம், தன்னாட்சி வாகனம். ‘ஓட்டுநரில்லா’ என்பதில் உள்ள ‘இல்லா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அது வண்டியிடம் இருப்பதைச் சொல்லாமல், இல்லாததைச் சொல்கிறது. கேட்பவர் மனத்தில் முதலில் எழுவது வெறுமையான ஓட்டுநர் இருக்கையே. ‘தானியங்கி’ என்பதோ பணம் வழங்கும் பொறிக்கும் கடைவாசல் கதவுக்கும் ஏற்கெனவே வழங்கும் சொல். அது ‘இயங்கு’ என்னும் தன்வினையிலிருந்து பிறந்தது; எனவே அசைவைச் சொல்கிறதேயன்றி முடிவெடுக்கும் ஆற்றலைச் சொல்வதில்லை. ‘தன்னாட்சி’ அரசியலிலிருந்து வந்தது. தன் விருப்பப்படி நடக்கும் வண்டி என்னும் அச்சத்தைக் கூட்டுகிறது. மெய்யாக அவ்வண்டி மனிதர் வகுத்த விதிகளுக்குள்தான் ஓடுகிறது.

இவ்விடத்தில் புறநானூற்றின் 27ஆம் பாடலைச் சுட்டி, ஆளின்றிச் செல்லும் ஊர்தியை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்குவது வழக்கமாகிவிட்டது. அப்பாடல் பேசுவது நல்வினை செய்தோர் அடையும் வானுலக ஊர்தியைப் பற்றி. அதைப் பொறியியல் சான்றாகக் கொள்ளுதல் புலவர்க்கும் பெருமையன்று, நமக்கும் பெருமையன்று. எமக்குச் சுவையாகத் தோன்றுவது வேறு. அங்கும் அவ்வூர்தி, செலுத்துபவன் இல்லை என்னும் எதிர்மறையாலேயே அடையாளம் பெறுகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளாக நாம் வண்டியைக் காணும்போதெல்லாம் ஓட்டுபவனைத் தேடுகிறோம்.

அதற்கு இலக்கணமும் துணை நிற்கிறது. ‘ஓடு’ தன்வினை, ‘ஓட்டு’ பிறவினை. வண்டி ஓடும், அதை ஒருவர் ஓட்டுவார். ‘ஓட்டு’ என்றவுடன் எழுவாயைக் கேட்கிறது மொழி. சட்டமும் அவ்வாறே கேட்கிறது. விபத்து நேர்ந்தால் ஓட்டியவர் யார்? வண்டியில் அமர்ந்திருந்தவரா, மென்பொருளை எழுதியவரா, சேவையை நடத்தும் நிறுவனமா? சிங்கப்பூரில் 2017இல் சாலைப் போக்குவரத்துச் சட்டம் திருத்தப்பட்டது, மனித ஓட்டுநர் இல்லாத வாகனத்தின் சோதனைக்கும் சட்டத்தில் இடம் வேண்டும் என்பதற்காகவே.

வாகனப் பொறியாளர்கள் தானோட்டத்தை 0 முதல் 5 வரை ஆறு நிலைகளாகப் பகுத்துள்ளனர். இரண்டாம் நிலையில் பொறி உதவுகிறது, மனிதரே பொறுப்பு. நான்காம் நிலையில், வரையறுத்த பகுதிக்குள் மனிதர் தலையிட வேண்டியதே இல்லை. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால் என்ன ஆகும்? இரண்டாம் நிலைக் காரை வாங்கியவர் அதை நான்காம் நிலை என எண்ணிக் கண்ணயர்வார்.

இனி ஏற்பைப் பற்றி. சிங்கப்பூரர்கள் ஓட்டுநரில்லாப் பயணத்துக்குப் புதியவர் அல்லர். 1999இல் திறக்கப்பட்ட புக்கிட் பாஞ்சாங் இலகு ரயிலில் ஓட்டுநர் இல்லை. 2003இல் தொடங்கிய வடகிழக்கு வழித்தடத்திலும் இல்லை. அதன்பின் வந்த வட்டப்பாதையிலும் இல்லை. மலேசியாவில் கிளானா ஜெயா வழித்தட ரயில் 1998 முதல் அவ்வாறே ஓடுகிறது. குழந்தைகள் முன்கண்ணாடியருகே இடம்பிடிக்க ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். புக்கிட் பாஞ்சாங் ரயில் அடுக்குமாடி வீடுகளை ஒட்டிச் செல்லும்போது அதன் சன்னல் கண்ணாடிகள் தாமே மங்கலாகிவிடும். வீட்டினுள் இருப்போரின் அந்தரங்கத்தைக் காக்க அந்த ஏற்பாடு. ஓட்டுநர் இல்லையே என்று கேட்டவரைவிட, கண்ணாடி ஏன் மங்குகிறது என்று கேட்டவரையே நாம் மிகுதியாகக் கண்டோம். இவற்றை இன்று எவரும் ‘ஓட்டுநரில்லா ரயில்’ என அழைப்பதில்லை. ரயில் என்றே அழைக்கிறோம். மக்கள் ஒன்றை முழுமையாக ஏற்றுக்கொண்டதன் அடையாளம், அதன் முன்னால் நின்ற அடைமொழி உதிர்ந்துபோவதே.

சாலையில் ஏன் அது அத்துணை எளிதாக நிகழவில்லை? ரயிலுக்குத் தனிப்பாதை உண்டு. மனிதர் குறுக்கிட இடமில்லை. சாலையிலோ ஓட்டுநரும் நடப்பவரும் ஓயாமல் உரையாடிக்கொண்டே இருக்கின்றனர். கடக்க நிற்பவர் ஓட்டுநரின் கண்ணைப் பார்க்கிறார். ஓட்டுநர் தலையசைக்கிறார், அல்லது கையை உயர்த்துகிறார். ஒலியற்ற மொழியாயினும் அது மொழியே. ஓட்டுநரை நீக்கும்போது அவ்வுரையாடலில் ஒரு தரப்பு நீங்கிவிடுகிறது.

2018 மார்ச் மாதம் அமெரிக்காவின் டெம்பி நகரில், சோதனையோட்டத்தில் இருந்த ஊபர் நிறுவனக் கார், இரவில் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மணியை மோதிக் கொன்றது. கண்காணிப்புக்காக அமர்ந்திருந்தவர் சாலையைப் பார்க்கவில்லை. பொறியோ மோதலுக்கு 5.6 விநாடிகளுக்கு முன்பே அப்பெண்மணியைக் கண்டுவிட்டது. ஆனால் அவர் என்ன என்பதை அதனால் முடிவு செய்ய இயலவில்லை. இன்னதென்று தெரியாத பொருள், வாகனம், மிதிவண்டி என அவருக்கு மாறி மாறிப் பெயரிட்டது. பெயர் மாறிய ஒவ்வொரு முறையும், அவர் அதுவரை நகர்ந்துவந்த போக்கைக் கருதாமல் புதிதாகக் கணித்தது. கடப்பிடம் அல்லாத இடத்தில் நடந்து கடப்பவர் என்னும் வகையே அதன் வடிவமைப்பில் இல்லை. இது அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. வகைப்பாட்டில் இடம்பெறாத ஒன்றைப் பொறியால் காணமுடியாது. அகராதியில் இல்லாத சொல்லை இல்லாத சொல் என்றே கொள்ளும் மாணவரை நாம் அறிவோம். அவரால் எவருக்கும் உயிரிழப்பு நேர்வதில்லை.

இங்குதான் நம் இரண்டாம் வினா தொடங்குகிறது. ஓட்டுநரில்லா வாகனத்தால் மிகுந்த பயன் பெறக்கூடியோர் உடற்குறையுள்ளோரே என்பதில் ஐயமில்லை. 2015இல் பார்வையிழந்த ஸ்டீவ் மாஹன், ஆஸ்டின் நகரத் தெருக்களில் கூகலின் சோதனைக் காரில் தனியாகப் பயணம் செய்தார். அவ்வண்டியில் திசைமாற்றும் வளையமே இல்லை. எவரையும் துணைக்கு அழைக்காமல் நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குச் செல்லுதல் பார்வையுள்ளோர்க்கு ஒரு செய்தியே அன்று; அவருக்கு அது பல ஆண்டுகளாக இழந்திருந்த ஒன்று.

ஆனால் அதே வாகனம் அவர்களைச் சாலையில் எவ்வாறு காண்கிறது? கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் ஜுட்டா ட்ரெவிரானஸ், தானோட்ட வாகனங்களுக்காக உருவாக்கப்பட்ட கணினி மாதிரிகளுக்கு ஒரு காட்சியைக் காட்டினார். அவருடைய தோழி சக்கர நாற்காலியைக் கால்களால் உந்திப் பின்னோக்கிச் செல்பவர். அவர் சாலைச் சந்தியில் இருப்பதைக் கண்ட மாதிரிகள் நிற்காமல் செல்லவே முடிவெடுத்தன. சக்கர நாற்காலிகளின் படங்களை மேலும் கொடுத்துப் பயிற்றிய பின்னரும் அதே முடிவையே, முன்னிலும் உறுதியாக எடுத்தன. சக்கர நாற்காலி முன்னோக்கித்தான் செல்லும் என்பதை அவை நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டன! பெரும்பான்மையை மட்டும் கற்பிக்கும் கல்வி எதில் முடியும் என்பதற்கு ஆசிரியர்கள் இதனை எடுத்துக்காட்டலாம்.

2021 ஆகஸ்டில் தோக்கியோ உடற்குறையுள்ளோர் ஒலிம்பிக்கின் விளையாட்டாளர் கிராமத்தில், டொயோட்டாவின் தானோட்டப் பேருந்து பார்வைக்குறையுள்ள ஜூடோ வீரர் ஒருவர் மீது மோதியது. அப்போது வண்டியில் பணியாளரும் இருந்தனர். நடப்பவர் வண்டியைப் பார்த்து நின்றுவிடுவார் என்னும் எதிர்பார்ப்பு பொய்த்துப்போனது. பார்க்க இயலாதோர் கூடியிருக்கும் ஊரில், பார்ப்பார் என எதிர்பார்த்தது பொறி மட்டுமன்று.

எம் தமக்கையார் 78 வயதினர்; சக்கர நாற்காலியில் செல்பவர்; தமிழன்றி வேறு மொழி அறியார். நம் பேருந்துகளில் சக்கர நாற்காலி ஏறும்போது ஓட்டுநரே இறங்கிவந்து வாயிலில் மடிந்திருக்கும் சாய்பலகையை விரிக்கிறார். எந்த நிறுத்தத்தில் இறங்குவீர் எனக் கேட்டுக்கொள்கிறார். 2020ஆம் ஆண்டின் இறுதிக்குள் சிங்கப்பூரின் பொதுப் பேருந்துகள் அனைத்தும் சக்கர நாற்காலி ஏறக்கூடியவையாக மாறிவிட்டன என்பது பெருமைக்குரியதே. அன்று எம்மோடு வந்த தமக்கையாரிடம், தமிழறியாத அவ்வோட்டுநர் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிக் காட்டினார். தமக்கையார் மூன்று விரல்களைக் காட்டினார். ஓட்டுநர் தலையசைத்தார். மூன்றாம் நிறுத்தத்தில் சாய்பலகை விரிந்தது. பின்னர் ஓட்டுநரில்லாப் பேருந்தைப் பற்றி நாம் எடுத்துரைத்தபோது, “அப்ப நான் எங்க எறங்கணும்னு யாருகிட்ட சொல்றது?” என்றார் அவர். பேருந்தைச் செலுத்துவது ஓட்டுநரின் பணிகளுள் ஒன்று மட்டுமே என்பதை இதனினும் சுருங்கச் சொல்ல எம்மால் இயலாது.

2025இல் பொங்கோல் வட்டாரத்தில் தானோட்டச் சிற்றுந்துச் சேவைகளை நடத்த நிலப் போக்குவரத்து ஆணையம் இரு நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்தது. தொடக்கத்தில் பாதுகாப்புப் பணியாளர் உடனிருப்பார். பின்னர் இல்லாமலும் போகலாம். அதற்குள் அமைத்துக்கொள்ள வேண்டியவை பல. 1987இல் பெருவிரைவு ரயில் தொடங்கியபோது சக்கர நாற்காலியில் வருவோருக்கென நிலையங்களில் மின்தூக்கிகள் அமைக்கப்படவில்லை. கட்டி முடித்த நிலையங்களில் பின்னர் இடம் தேடி அமைக்க நேர்ந்தது. மொழியும் மின்தூக்கியைப் போன்றதே. பின்னால் சேர்ப்பதற்குச் செலவு மிகுதி.

வண்டி தமிழில் பேசினால் போதுமா? எந்தத் தமிழில் பேசும் என்பதும் வினாவே. தமிழ் இருவழக்கு மொழி. எம் தமக்கையார் “அடுத்த ஸ்டாப்புல எறங்கணும்” என்பார். எழுத்துத்தமிழில் மட்டும் பயிற்றிய பொறிக்கு அது விளங்காது. நம் பள்ளிகளில் தரமான பேச்சுத்தமிழுக்கு இடம் அளித்தபோது சிலர் மனம் வருந்தினர். இத்தகைய பயன்பாடு வரும் என்பதை அன்று நாமும் எண்ணவில்லை.

வாக்கிய அமைப்பையும் கருத வேண்டும். தமிழில் எதிர்மறை வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. “கதவருகே எழுந்து நிற்க வேண்டாம்” என்னும் அறிவிப்பில், இரைச்சலால் இறுதிச்சொல் கேளாமல் போனால் எஞ்சுவது “கதவருகே எழுந்து நிற்க” என்பதே. பொருள் தலைகீழாகிறது. ஆங்கிலத்தில் தடைச்சொல் முதலிலேயே வந்துவிடுவதால் இவ்விடர் இல்லை. மொழிபெயர்ப்பாளர் அதனை உணர்வதும் இல்லை. எனவே தமிழ் அறிவிப்புகள் “உட்கார்ந்தே இருங்கள்” என உடன்பாட்டில் அமைதல் வேண்டும். நம் பேருந்துகளில் சக்கர நாற்காலி பின்புறம் நோக்கியே நிறுத்தப்படுகிறது. முன்னே திரையில் எழுதியிருப்பதை அவர் காணமுடியாது. செவியே அவருக்கு எல்லாம்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் பயிற்சியாகத் தரலாம். ஓட்டுநரில்லாப் பேருந்து நடுச்சாலையில் சட்டென நின்றுவிட்டது. அது பயணிகளுக்கு என்ன சொல்ல வேண்டும்? மாணவர் பலர் இவ்வாறு எழுதக்கூடும்: “எதிர்பாராத இடையூறு காரணமாக வாகனத்தின் இயக்கம் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, பயணிகள் தங்கள் இருக்கைகளை விட்டு எழ வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.” பிழையில்லாத வாக்கியம், முழு மதிப்பெண்ணும் பெறும். மற்றொன்று: “உட்கார்ந்தே இருங்கள். முன்னால் ஒருவர் சாலையைக் கடக்கிறார். அவர் போனதும் புறப்படுவோம்.”

இரண்டையும் கைப்பேசியில் பதிவு செய்து தமக்கையாரிடம் ஒலிக்கச் செய்தோம். முதல் வாக்கியம் முடிவதற்குள் “என்னவாம்?” என்று எம்மைப் பார்த்தார். இரண்டாவதைக் கேட்டபோது, நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, “யாரு கடக்குறா?” என்றார்.