திருக்கை அட்டையின் உமிழ்நீர்

அன்புவழிபுரத்தில் கடலட்டை என்று வாயெடுத்தால் கதை உடனே பண்ணைக்கும் ஏற்றுமதி விலைக்கும் போய்விடும். அந்தக் கடலட்டை நட்சத்திர மீனின் உறவு. யாருடைய இரத்தத்தையும் குடிப்பதில்லை. நான் எழுத வந்தது, பெயரால் மட்டும் அதனுடன் குழம்பக்கூடிய இன்னோர் உயிரினத்தைப் பற்றி. திருக்கை, சுறா, கடலாமை ஆகியவற்றின் உடலில் ஒட்டிக்கொண்டு மெய்யாகவே இரத்தம் குடிக்கும் அட்டைகள் கடலில் உண்டு. இவை மண்புழுவின் தூரத்து உறவு. அவற்றுள் உடல் முழுக்க மருக்கள் கொண்ட பொன்டொப்டெல்லா என்ற பேரினம் இந்து சமுத்திரத்திலும் வாழ்கிறது.

மாடுகளைக் கடிக்கும் குளத்து அட்டை தாடையால் தோலை அறுக்கும். திருக்கையில் ஒட்டும் அட்டைக்குத் தாடை கிடையாது. மெல்லிய குழல்போன்ற உறுப்பைச் செலுத்தி உறிஞ்சும். குழல் அடைபட்டால் பட்டினிதான்.

அடைப்பது எது? காயம் பட்டதும் இரத்தத்தில் உள்ள புரதங்கள் ஒன்றையொன்று தட்டி எழுப்புகின்றன. பத்தாம் காரணி திரொம்பினை உருவாக்கும். திரொம்பின், இரத்தத்தில் கரைந்திருக்கும் பைபிரினோஜனை நூலாக மாற்றும். அந்த நூல்வலையில் இரத்தக் கலங்கள் சிக்க, குருதி உறைகிறது. அட்டையின் உமிழ்நீர் இந்தச் சங்கிலியைப் பல இடங்களில் அறுக்கிறது. ஹிருடின் திரொம்பினைப் பிடித்துக்கொள்ளும். அன்டிஸ்டாசின் பத்தாம் காரணியை முடக்கும். இவ்விரண்டும் நன்னீர் அட்டைகளிலேயே முதலில் அறியப்பட்டவை. பொன்டொப்டெல்லாவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் இயங்கும் மரபணுக்களை ஆராய்ந்து 2017 இல் வெளியான ஆய்வு, கடலிலும் இத்தகைய புரதங்களின் உறவினங்கள் பல இருப்பதைக் காட்டியது.

இவை எங்கிருந்து வந்தன என்பதுதான் எனக்குச் சுவையான பகுதி. அன்டிஸ்டாசினை ஒத்த புரதம் ஐதராவிலும் இருக்கிறது. ஐதரா இரத்தம் குடிப்பதில்லை. அதற்கு இரத்தமே இல்லை. ஆக, இரத்தம் குடிப்பதற்கென்று இந்தப் புரதக் குடும்பம் புதிதாகப் பிறக்கவில்லை. வேறு வேலைக்கு இருந்த பழைய புரதத்தின் மரபணு பிரதியாகி, சிறிது சிறிதாக மாறி, உறைதலைத் தடுக்கப் பழகியிருக்கிறது. வீட்டில் கிடந்த பழைய கத்தியைத் தீட்டித் தொழிலுக்கு எடுத்ததுபோல.

திருக்கைக்காகத் தீட்டிய கத்தி மனிதனுக்கும் வெட்டுமா? வெட்டக்கூடும். திருக்கையின் மூதாதையரும் எமது மூதாதையரும் பிரிந்து 40 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆயினும் திரொம்பினின் அடிப்படை அமைப்பு இரு பக்கமும் பெரிதாக மாறவில்லை. மருந்து ஆய்வாளர்கள் அட்டைகளை விடாமல் துரத்துவதும் இதனால்தான். அட்டைச் சாறு குருதியை உறையவிடாது என்று ஜோன் பெரி ஹேகிராஃப்ட் 1884 இல் காட்டினார். 65 அமினோ அமிலங்கள் கொண்ட ஹிருடினை மாதிரியாக வைத்து, 20 அமினோ அமிலங்களில் செயற்கையாகச் செய்த பைவலிருடின் 2000 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இருதயக் குழாய் அடைப்பு நீக்கும் சிகிச்சையில் அதை ஏற்றுகிறார்கள்.

இதை இவ்வளவு விரிவாக எழுத ஒரு காரணம் உண்டு. இரத்தம் நிற்காமல் ஆட்கள் இறந்ததைக் கண்ணால் கண்ட தலைமுறை எங்களுடையது. 'இரத்தத்தை மெல்லியதாக்கும் குளிசை' என்று கேட்டதுமே பயந்து, யாரிடமும் சொல்லாமல் அதை நிறுத்திய முதியவர்களை எங்கள் ஒழுங்கையிலேயே அறிவேன். அந்தப் பயத்தைக் கேலிசெய்ய எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் பெயரே பிழையானது. குளிசை இரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை, உறைவதைத் தாமதப்படுத்துகிறது. மூளைக்கோ நுரையீரலுக்கோ போகும் குழாயில் கட்டி அடைத்தால் அதுவும் உயிரைக் குடிக்கும்.

வாபரின் அட்டையிலிருந்து வந்ததல்ல. உறைதற் காரணிகளைச் செய்ய ஈரலுக்கு உயிர்ச்சத்து கே வேண்டும். வாபரின் அதன் பயன்பாட்டைத் தடுக்கிறது. அதை எடுப்பவர்களின் கிளினிக் கொப்பியில் ஐ.என்.ஆர். என்று ஓர் எண் இருக்கும். மருந்தில்லாத ஒருவருக்கு அது ஏறத்தாழ 1. வாபரின் எடுக்கும் பெரும்பாலானோருக்கு 2 முதல் 3 வரை வைத்திருக்கப் பார்ப்பார்கள். அதற்கு மேலே போனால் இரத்தக்கசிவு, கீழே போனால் கட்டி. முரசு கசிந்தாலோ, மலம் கறுத்தாலோ, தலை அடிபட்டாலோ உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இந்தக் குளிசை எடுப்பவர்கள் நாட்டு வைத்தியம் என்று அட்டை விடவும் கூடாது. அட்டை கழன்ற பிறகும் சாதாரண ஆளுக்கே கடிவாய் மணிக்கணக்கில் கசியும்.