பழைய கார்களில் பிரேக் பெடல் தளர்வு

பிரேக் பெடல் தளர்வு என்பது, காரின் பிரேக்கை மிதிக்கும்போது வழக்கமான விறைப்பு இல்லாமல், பெடல் பஞ்சை மிதித்ததுபோல அமுங்குவதையும் வழக்கத்தைவிடக் கீழே இறங்குவதையும் குறிக்கும். பல ஆண்டுகள் ஓடிய கார்களில் இது அடிக்கடி காணப்படும். வண்டி எப்படியோ நின்றுவிடுவதால் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் காரணம் தெரியாதவரை அந்த வண்டியைச் சாலைக்குக் கொண்டுசெல்வது ஆபத்தானது.

பிரேக் இயங்கும் முறை

பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிஸ்டன் பிரேக் ஆயிலை அழுத்துகிறது. மூடிய கலத்தில் உள்ள திரவத்துக்குத் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதியின்படி, அந்த அழுத்தம் குழாய்கள் வழியே நான்கு சக்கரங்களையும் அடைகிறது. டிஸ்க் பிரேக்கில் பேடுகள் தட்டைப் பிடிக்கின்றன. டிரம் பிரேக்கில் ஷூக்கள் விரிந்து டிரம்மின் உட்புறத்தில் உராய்கின்றன.

திரவம் எளிதில் சுருங்காது, காற்று சுருங்கும். ஊசியில்லாத இரண்டு சிரிஞ்சுகளை ஒரு சிறு குழாயால் இணைத்து, தண்ணீர் நிரப்பி ஒன்றை அழுத்தினால் மற்றொன்று உடனே நகரும். நடுவில் காற்றுக்குமிழி இருந்தால் முதலில் குமிழிதான் சுருங்கும். கையில் ஒரு தொய்வு தெரியும். பெடலில் காலுக்குத் தெரிவதும் அதே தொய்வுதான்.

அறிகுறியும் காரணமும்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்து, எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலைச் சில முறை மிதித்துப் பார்க்க வேண்டும்.

• பெடல் பஞ்சுபோல இருந்து, அடுத்தடுத்து மிதிக்க விறைப்பு கூடினால், குழாயில் காற்று புகுந்திருக்கலாம்.

• முதல் மிதியில் கீழே போய், உடனே மறுமுறை மிதித்தால் உயரத்தில் கெட்டியாக நின்றால், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கலாம். அட்ஜஸ்டரைச் சரிசெய்ய வேண்டும். தேய்ந்த ஷூவை மாற்ற வேண்டும்.

• ஒரே அழுத்தமாக அரை நிமிடம் மிதித்துப் பிடித்திருக்கும்போது பெடல் மெல்ல இறங்கினால், எங்கோ கசிவு உள்ளது. வெளியே ஈரம் இல்லை, ஆயில் மட்டமும் குறையவில்லை என்றால், மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும் வாய்ப்பு அதிகம்.

• ஆயில் மட்டம் குறைந்து, சக்கரத்தின் உட்புறத்தில் ஈரம் தெரிந்தால், வீல் சிலிண்டரோ ஹோஸோ கசிகிறது. ஆயில் ஊற்றி நிரப்புவது இதற்குப் பரிகாரம் ஆகாது.

• ஒருவர் மிதிக்க, மற்றொருவர் பார்க்கும்போது ரப்பர் ஹோஸ் உப்பினால் அதை மாற்றிவிட வேண்டும்.

வேக்யூம் பூஸ்டர் உள்ள கார்களில், பெடலை மிதித்தபடி எஞ்சினை இயக்கினால் பெடல் சற்றே இறங்கும். அது பழுது அல்ல. பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம்.

பிரேக் ஆயிலும் ஈரமும்

டாட் 3, டாட் 4 வகை ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்; 3.7 விழுக்காடு நீர் கலந்த நிலையில் அதன் வரம்பு 140 டிகிரிதான். டாட் 4 வகைக்கு இவை 230, 155 டிகிரி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும்போது ஏற்படும் வெப்பத்தில் பழைய ஆயில் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டாகலாம். சமவெளியில் நன்றாக இருந்த பெடல் மலையிறக்கத்தில் திடீரெனத் தொய்வது இதனால்தான். மலையிறங்கும்போது குறைந்த கியரில் எஞ்சினின் பிடிப்பைப் பயன்படுத்துவதும், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவதும் நல்ல காப்பு.

மூடியில் குறிப்பிட்ட வகையையே ஊற்ற வேண்டும். எஞ்சின் ஆயில் ஒரு சொட்டுக்கூடச் சேரக்கூடாது. ரப்பர் பாகங்கள் உப்பிக் கெட்டுவிடும்.

காற்றை வெளியேற்றுதல்

பட்டறைகளில் 'ஏர் எடுப்பது' எனப்படும் இந்த வேலைக்கு இருவர் தேவை. சக்கரத்திலுள்ள நிப்பிளில் நிறமற்ற குழாயைச் செருகி, மறுமுனையைச் சிறிது புதிய ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கவிட வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, குமிழியுடன் ஆயில் வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். முந்தினால் காற்று திரும்ப உள்ளே போகும். குமிழி நிற்கும்வரை இதைத் தொடர வேண்டும். சக்கரங்களின் வரிசை காருக்குக் கார் மாறும் என்பதால் அதன் கையேட்டைப் பார்க்க வேண்டும்.

இடையில் ஆயில் தொட்டி வற்றக்கூடாது. பழைய காரில் பெடலைத் தரைவரை மிதிப்பதும் கூடாது. வழக்கமாகப் பிஸ்டன் போகாத பகுதியில் துரு இருந்தால் வாஷர் அதில் கிழிந்துவிடும். பெடலின் கீழே ஒரு மரக்கட்டை வைத்துக்கொள்வது போதும். வெளியேறிய ஆயிலை மறுபடி ஊற்றக்கூடாது. வண்டியின் பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர்விட்டுக் கழுவ வேண்டும்.

ஓடும்போது பெடல் இறங்கினால்

பெடலை விட்டுவிட்டு வேகமாகப் பலமுறை மிதித்தால் ஓரளவு அழுத்தம் கிடைக்கலாம். கூடவே கியரைப் படிப்படியாகக் குறைத்து, கை பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து ஓரங்கட்ட வேண்டும். ஓடும் வண்டியில் சாவியைத் திருப்பி எடுத்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும், அதைச் செய்யக்கூடாது. நிறுத்தியபின் அந்த வண்டியை ஓட்டிச்செல்லாமல் இழுவை வண்டியில் பட்டறைக்குக் கொண்டுசெல்வதே பாதுகாப்பு.