வாசனைத் தைலத்தின் தரமும் புள்ளியியலும்

அந்தமான் தீவுகளில் தென்னை, பாக்குத் தோப்புகளின் இடையே இலவங்கப்பட்டை, கிராம்பு, சாதிக்காய் முதலியன பயிராகின்றன. இவற்றிலிருந்து நீராவியால் வடிக்கப்படும் தைலம் தனியொரு பொருளன்று. பற்பல இரசாயனப் பொருள்களின் கலவையாகும். அதன் தரத்தை எவ்வாறு நிர்ணயிப்பது? பத்துபஸ்தி போன்ற இடங்களில் பணிபுரியும் கள ஊழியரும் ஆசிரியரும் அறியத்தக்க வினா இது.

ஓர் அளவு போதாது

இலவங்கப்பட்டை மரத்தின் பட்டைத் தைலத்தில் சின்னமால்டிஹைடும், இலைத் தைலத்தில் யூஜினாலும், வேர்ப்பட்டைத் தைலத்தில் கற்பூரமும் மிகுந்துள்ளன. கிராம்பின் மொட்டு, இலை ஆகிய இரண்டின் தைலத்திலும் யூஜினாலே முதன்மையானது. ஆதலின் யூஜினாலை மட்டும் அளந்தால், மொட்டுத் தைலத்தில் மலிவான இலைத் தைலம் கலந்திருப்பது புலப்படாது. மொட்டில் கணிசமாகவும் இலையில் சொற்பமாகவும் உள்ள யூஜினைல் அசிடேட்டையும் உடன் நோக்கினாலன்றி உண்மை விளங்காது.

பல அளவுகளை ஒருங்கே நோக்கல்

வாயு குரோமட்டோகிராப் என்னும் கருவி தைலத்தின் கூறுகளைப் பிரித்து, ஒவ்வொன்றின் விகிதத்தையும் தருகிறது. இவ்வெண்களை ஒருங்கே ஆராய்வதற்கு நம் நாட்டு அறிஞர் பி. சி. மஹலனோபிஸ் 1936-இல் வெளியிட்ட தூர அளவை பெரிதும் உதவுகிறது.

வகுப்பறை உதாரணம் ஒன்று காண்போம். ஒரு பள்ளியில் மாணவரின் உயரம் 130 முதல் 170 செ.மீ. வரையும், எடை 30 முதல் 65 கிலோ வரையும் இருப்பதாகக் கொள்வோம். 165 செ.மீ. உயரமும் 32 கிலோ எடையும் தனித்தனியே வரம்புக்குட்பட்டவையே. எனினும் இவ்விரண்டும் ஒருவரிடமே காணப்படின் அவர் ஏனையோரினின்று வேறுபட்டவர் என்பது தெளிவு. கலப்படத் தைலமும் இத்தகையதே: ஒவ்வொரு கூறும் வரம்புக்குள் இருக்கலாம், கூறுகளிடையே உள்ள இயல்பான உறவு குலைந்திருக்கும்.

கார்ல் பியர்சன் 1901-இல் தொடங்கி, ஹோட்டலிங் 1933-இல் விரிவாக்கிய முதன்மைக் கூறு பகுப்பாய்வு, பல எண்களைச் சில அச்சுகளாகச் சுருக்குகிறது. ஒத்த தைலங்கள் வரைபடத்தில் அருகருகே குழுமுகின்றன.

கள ஊழியர் கவனத்திற்கு

கணக்கு எத்துணை நுட்பமாயினும், ஒப்புநோக்கும் மாதிரிகள் ஐயத்திற்கிடமற்றவையாயும் போதிய எண்ணிக்கையிலும் இருத்தல் வேண்டும். பருவம், மரத்தின் வயது, வடிக்கும் நேரம் ஆகியவற்றால் தைலத்தின் அமைப்பு இயற்கையாகவே மாறுபடும். ஒரே பருவத்து மாதிரிகளை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், மற்றொரு பருவத்தில் நேர்மையாக வடித்த உழவரின் தைலமும் கலப்படமெனத் தள்ளப்படக்கூடும். ஆகவே ஒவ்வொரு மாதிரிப் புட்டியிலும் தாவரத்தின் பெயர், பயன்படுத்திய பாகம், இடம், அறுவடை நாள், வடித்த நேரம் ஆகியவற்றைத் தவறாது குறித்தல் அவசியம். வேறுபாடு தெரிந்த மாத்திரத்தில் அதனைக் குற்றமெனக் கொள்ளாது, மறு பரிசோதனை செய்தலே முறையாகும்.