ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி? இனிப்புநீரும் நம் அன்றாடப் பழக்கங்களும்

சுங்கைப்பட்டாணியிலோ பீடோங்கிலோ நம்மவர் வீடு எதற்குள் நுழைந்தாலும், குளிர்பெட்டியின் மேல் ஒரு மருந்துப் பை இருக்கும். அம்மாவுக்கு இனிப்புநீர், அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு. இது ஏதோ தலைவிதி என்பதுபோல் நாம் பேசப் பழகிவிட்டோம்.

2019ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நடத்திய தேசிய சுகாதார ஆய்வில், நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பது தெரிய வந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் அது 31.4 விழுக்காடு. அதாவது, மூன்று பேரில் ஏறக்குறைய ஒருவர். மலாய்க்காரர்களையும் சீனர்களையும் விட நாம் மேலே நிற்கிறோம்.

பரம்பரை ஒரு காரணம்தான். உடல் ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும் வாகு தெற்காசிய உடம்புக்கு அதிகம். அதனால்தான் ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் இடுப்புச் சுற்றளவு போனால் கவனம் தேவை என்கிறார்கள் மருத்துவர்கள். எடை பார்க்கும் இயந்திரம் வீட்டில் இல்லாவிட்டால் பரவாயில்லை. தையல் டேப் போதும்.

இன்னொரு காரணம் நம் தோட்ட வரலாற்றிலேயே இருக்கிறது. நம் தாத்தா, பாட்டிமார் விடியுமுன்னே பெரட்டுக்கு நின்று, நானூறு, ஐந்நூறு மரம் சீவி, மறுபடியும் அதே நிரையில் நடந்து பாலெடுத்து, காண்டாவில் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்தவர்கள். அந்த உடம்புக்கு மூன்று வேளைச் சோறு தேவைப்பட்டது. கட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணி வேலைக்காட்டில் தெம்பு கொடுத்தது. பிறகு ரப்பர் போய் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பிள்ளைகள் தாமான் வீடுகளுக்கும் கூலிம் தொழிற்சாலைகளுக்கும் போனார்கள். இன்று பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் ஒரே இடத்தில் நிற்கிறோம், அல்லது காவலர் கூண்டில், லோரியில் உட்கார்ந்திருக்கிறோம். வேலை மாறிவிட்டது, சாப்பாட்டுத் தட்டு மட்டும் மாறவில்லை. (அந்தக் காலத்தில் எல்லாரும் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. ரத்தச்சோகையும் சம்சுவும் தோட்டத்தில் எத்தனை பேரைக் கொண்டுபோயின என்பது பெரியவர்களுக்குத் தெரியும்.)

தேத்தண்ணிக்கு வருவோம். கட்டிப்பாலில் ஏறக்குறைய பாதி சீனிதான். இரண்டு மேசைக் கரண்டி ஊற்றிய ஒரு தே தாரிக்கில் சுமார் 20 கிராம் சீனி சேர்கிறது. காலையில் பசியாற ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, வேலை முடிந்து ஒன்று என்றால் 60 கிராம். ஒருவர் ஒரு நாளைக்குச் சேர்த்துக்கொள்ளும் சீனி 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி. சோறு சாப்பிடும் முன்பே நம் கணக்கு தாண்டிவிடுகிறது. 2019 ஜூலை முதல் நாள் அரசாங்கம் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டது. பிறகு அதை உயர்த்தவும் செய்தது. ஆனால், அது போத்தலுக்கும் டின்னுக்கும்தான். கடையில் ஆற்றித் தரும் தேத்தண்ணிக்கு அந்த வரி இல்லை. அங்கே நாம்தான் கட்டுப்பாடு வைக்க வேண்டும்.

தேத்தண்ணியை ஒரேயடியாக விடச் சொன்னால் யாரும் விடப் போவதில்லை. முதல் இரண்டு வாரம் "கூராங் மானிஸ்" என்று கேளுங்கள். பிறகு நாளுக்கு ஒரு வேளையாவது "தே ஓ கோசோங்" குடியுங்கள். முதலில் சப்பென்று இருக்கும். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். பழைய இனிப்பைக் குடித்தால் திகட்டும்.

அடுத்தது சோறு. அமைச்சு "சூகு-சூகு செப்பாரோ" என்று பரப்பும் தட்டு முறை நம் சமையலுக்கு நன்றாகவே பொருந்தும். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, பாதி காய்கறி. இதில் நாம் தடுக்கி விழும் இடம் உருளைக்கிழங்கு. கிழங்குப் பிரட்டலைக் காய்கறி என்று நினைக்கிறோம்; அதைச் சோற்றின் பங்கில்தான் சேர்க்க வேண்டும். முருங்கைக்கீரை, கங்கோங், பயத்தங்காய், வெண்டைக்காய் எல்லாம் லயத்து வீட்டுக் கொல்லையில் காசில்லாமல் கிடைத்தவைதாம். தாமான் வீட்டிலும் இரண்டு பழைய வாளியில் கீரை வளர்க்கலாம். காய்கறியையும் குழம்பு மீனையும் முதலில் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் ரத்தத்தில் சீனி ஏறும் வேகம் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதே சாப்பாடு, வரிசை மட்டும் வேறு.

சாப்பிட்ட உடனே நாற்காலியில் சாயாமல் பத்து, பதினைந்து நிமிடம் நடப்பது இன்னொன்று. நடக்கும்போது காலின் தசைகள் ரத்தத்தில் உள்ள சீனியை எடுத்து எரிக்கின்றன. மாத்திரை சாப்பிடுபவருக்கும் இது உதவும். மழையா, தெரு நாய்த் தொல்லையா, வீட்டுக்குள்ளேயே நடங்கள். இரவு ஷிப்டில் இருப்பவர் கேண்டீனுக்கும் லைனுக்கும் இடையே ஒரு சுற்று கூடுதலாக நடக்கலாம்.

கோயில் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. சித்ரா பௌர்ணமிக்கும் தைப்பூசத்துக்கும் தண்ணீர்ப் பந்தலில் சிவப்பு சிராப்பை ஊற்றிக் கொடுப்பது அன்பினால்தான். ஆனால், வெயிலில் வரும் பக்தரின் தாகத்துக்கு மோரும் வெறும் தண்ணீரும் போதும். சிராப் வைத்தே தீர வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு மோர் பானையும் வையுங்கள்.

இவ்வளவும் ஏன் என்றால், இந்த நோய் வலிக்காமல் வளர்கிறது. நம் நாட்டில் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிசுக்குப் போகிறவர்களின் எண்ணிக்கைக்கு இனிப்புநீரே முதல் காரணம். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். வேலையும் குடும்ப வருமானமும் அதைச் சுற்றியே ஆடிப்போகும். 2023ஆம் ஆண்டு ஆய்வில் இன்னொரு தகவல்: இனிப்புநீர் உள்ள 18 முதல் 29 வயது இளைஞர்களில் 84 விழுக்காட்டினருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியவில்லை.

பாகற்காய்ச் சாறு குடிப்பவர்கள் குடிக்கட்டும். அதற்காக டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். "மூன்று மாதத்தில் முழு குணம்" என்று கைப்பேசியில் வரும் மருந்தில் 'மால்' பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காசை மிச்சப்படுத்துங்கள்.

அரசாங்க கிளினிக்கில் நம் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. எஸ்.டி.ஆர். உதவி பெறும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் அவர்களின் துணைக்கும் பெக்கா பி40 திட்டத்தில் பரிசோதனை இலவசம். அப்பா, அம்மாவுக்கு இனிப்புநீர் இருந்தால் நாற்பது வயது வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே போய்ப் பாருங்கள். வெறும் வயிற்றில் எடுக்கும் அளவு 7.0 அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டர் மறுபடியும் சோதித்து உறுதி செய்வார். முதல் நாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் மட்டும். காலைத் தேத்தண்ணி ரத்தம் எடுத்த பிறகு, அதுவும் கூராங் மானிஸ்.