கீழாநெல்லியும் 37 பேரும்

தாப்பா பக்கம் பழைய லயன் ஓரத்திலும் செம்பனைக் காட்டு வழியிலும் கீழாநெல்லி தானாக முளைக்கும். இலைக்கு அடியில் காய் தொங்குவதால் நமக்கு அந்தப் பெயர்; பிள்ளையைச் சுமப்பதுபோல் தெரிவதால் மலாய்க்காரர்களுக்கு ‘டுக்கோங் அனாக்’. கண் மஞ்சளானால் பாட்டிமார் இதை அரைத்து மோரில் கலக்கிவிடுவார்கள்.

நான் வானொலியில் மூலிகை பற்றிப் பேசினால் போதும், “விஞ்ஞானமே ஒத்துக்கொண்டதாமே?” என்று ஒரு நேயராவது கேட்பார். பாதி உண்மை. 1988இல் சென்னையின் எஸ்.பி. தியாகராஜன் குழு ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஹெப்படைட்டிஸ் பி கிருமியைச் சுமந்த 37 பேருக்கு 30 நாள் கீழாநெல்லித் தூள் கொடுத்ததில், 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி. இந்தக் கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்கும் அந்தக் குழுவில் இருந்தார். சாதாரண விஷயமா?

ஆனால் தாய்லாந்தில் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. நேயர்கள் காதுக்கு இந்த இரண்டாம் பாதி வந்து சேர்வதேயில்லை.

இன்னொன்று, மஞ்சள் காமாலை தனி நோயல்ல, அறிகுறி. பித்தக்கல்லாலும் வரும்; ஆற்றில் குளித்து எலிச்சிறுநீர்க் கிருமி தொற்றினாலும் வரும். அதற்கு ஆன்டிபயாடிக் தேவை. மோர் குடித்துக்கொண்டு ஒரு வாரம் காத்திருந்தால் சிறுநீரகமே கெடலாம்.

மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி 1989இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்த அண்ணன், அக்கா, அம்மா, அப்பா வீட்டில் இருந்தால், கிளினிக்கில் ஒருமுறை இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். கிருமி பல வருடம் சத்தமில்லாமல் ஈரலில் இருக்கும், கண் மஞ்சளாகாமலேகூட.