போக்கர்: எந்தச் சீட்டு எதை வெல்லும்?

போக்கர் கற்க விரும்பும் பலரும் முதலில் தடுமாறுவது, எந்தச் சீட்டு வரிசை எதை வெல்லும் என்பதில்தான். நான் அதை மனப்பாடம் செய்வதில்லை. அரிதாகக் கிடைப்பது வெல்லும், அவ்வளவுதான்.

உங்கள் கம்ப்யூட்டரிலேயே இதைச் சோதிக்கலாம். எக்செல்லில் காம்பின் பங்ஷனுக்கு 52, 5 என்ற எண்களைக் கொடுங்கள். 25,98,960 என விடை வரும். 52 சீட்டுகளில் ஐந்தை இத்தனை விதமாக எடுக்கலாம். இவற்றில் ஸ்ட்ரெய்ட் (அடுத்தடுத்த ஐந்து சீட்டுகள்) 10,200. ப்ளஷ் (ஐந்தும் ஒரே இனம்) 5,108. இரண்டும் சேர்ந்து அமைபவை தனி. எனவே ஸ்ட்ரெய்ட்டை ப்ளஷ் வெல்லும்.

அடுத்தது பந்தயம். எங்கள் போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் கம்ப்யூட்டர் மூலம் நடக்கிறது. மலையிலிருந்து வந்த சரக்கின் மாதிரியை வியாபாரிகள் எல்லோரும் பார்க்கலாம். யார் எந்த விலைவரை போவார் என்பது மட்டும் தெரியாது. போக்கரில் பிரபலமான ஹோல்டெம் ஆட்டமும் இப்படித்தான். மேஜையில் விரிக்கும் 5 சீட்டுகள் எல்லோருக்கும் பொது. கையிலுள்ள 2 உங்களுக்கு மட்டும். இந்த ஏழில் சிறந்த ஐந்தே கணக்கு. ஒவ்வொரு சுற்றிலும் பந்தயத்தைத் தொடரலாம், உயர்த்தலாம் அல்லது விலகலாம். நல்ல சீட்டு இல்லாமலே உயர்த்தி மற்றவரை விலக வைப்பதுதான் ப்ளஃப்.

ஆனால் ஒரு வித்தியாசம். ஏலத்தில் பின்வாங்கினால் பணம் உங்களிடமே இருக்கும். போக்கரில் விலகினால், அதுவரை போட்டது போனதுதான். இணையத்தில் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. கற்றுக்கொள்ள, வீட்டிலுள்ள புளியங்கொட்டையே போதும்!